ஆப்பிள் கிலோ என்ன விலை?



நான் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அதனாலோ என்னவோ, அடுத்தவருக்குப் புத்தி சொல்வதென்றால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும். போன வருடம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் அந்த வாய்க்கு நல்ல பூட்டு விழுந்தது.

ஏழு நாள் முகாம். நான்காம் நாள், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல்நலம் பற்றிப் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. போர்டு நிறைய எழுதினேன். தினமும் ஆப்பிள் போன்ற பழங்கள், பால், முட்டை, ஒரு மணி நேர உடற்பயிற்சி, எட்டு மணி நேரத் தூக்கம், எட்டு டம்ளர் தண்ணீர். "இதெல்லாம்தான் உங்க இலக்கு, எழுதிக்குங்க" என்றேன். எழுதினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அண்ணே, ஆப்பிள் கிலோ என்ன விலைன்னு தெரியுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குத் தெரியாது. எங்க வீட்டில் ஆப்பிள் வாங்கியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனபோதுதான்!

அதற்குப் பிறகுதான் போர்டை அழித்துவிட்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பையன் விடியற்காலை நான்கு மணிக்கு அம்மாவோடு மல்லிகைப் பூ பறிக்கப் போகிறவன். பள்ளிக்கூடத்துக்கும் நடைதான். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு தினம் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. அவனுக்கு அது ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. குறைவது தூக்கம். "பூ இருக்கிற நாள்ல ஒன்பது மணிக்கு போனை வச்சிட்டுப் படுத்துர்றேன்" என்று அவனே சொன்னான். அதுதான் இலக்கு. நான் எழுதிப் போட்டது வெறும் போர்டு.

பட்டறையில் நமக்கு முதலில் என்ன சொல்லித் தருகிறார்கள்? லேத்தில் மொத்தத்தையும் ஒரே வெட்டில் எடுக்காதே, டூல் உடையும் என்றுதானே? வரைபடத்தில் அளவு போடாமல் "நன்றாகக் கடைக" என்று மட்டும் எழுதினால் எந்தத் தொழிலாளியால் வேலை செய்ய முடியும்? "ஆரோக்கியமாக இரு" என்பதும் அப்படிப்பட்ட வரைபடம்தான். எத்தனை, எப்போது, எதற்குப் பிறகு என்று அளவு வேண்டும்.

வாரம் ஒரு நாள் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே வீசுகிறார்களாம், கேட்டால் குமட்டுது என்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இப்படி இருக்கும்போது "சத்தான உணவு உண்க" என்று சொல்லிவிட்டுப் போவது யாருக்கு உதவும்? "மதியச் சோறு தின்ன பிறகு மாத்திரை போடுவேன், கூடவே டீ குடிக்க மாட்டேன்" என்பதை எந்தப் பிள்ளையும் செய்துவிடும், காசும் செலவில்லை.

இப்படிச் சின்னச் சின்னதாகச் சொன்னால் பிள்ளைகள் சோம்பேறி ஆகிவிடுவார்கள், பெரிதாக நினைக்கச் சொல்ல வேண்டும் என்று எங்கள் முகாமிலேயே ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய இலக்கை எழுதி, மூன்றாம் நாளே விட்டுவிட்ட பிள்ளை "நமக்கு இதெல்லாம் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறது. அடுத்த முறை பேனாவையே எடுக்காது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் எத்தனை பேர் கணக்குப் பாடத்தில் இப்படி முடிவு கட்டினோம்?

ஆனால் எல்லாவற்றையும் பிள்ளையின் தலையில் கட்டவும் கூடாது. தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு இது உறைத்தது. பெண் பிள்ளைகள் யாருமே தண்ணீரை இலக்காக எடுக்கவில்லை. பாட்டில் கொண்டு வருகிறார்கள், குடிப்பதில்லை. ஏன் என்று என்னிடம் சொல்வார்களா? எங்களோடு வந்த சிவில் தோழியிடம்தான் சொன்னார்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். காலை வீட்டில் கிளம்பினால் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் எட்டு டம்ளர் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்!

ஆறாம் நாள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு இரண்டு தாழ்ப்பாள் வாங்கினோம். ஃபிட்டிங் வகுப்பில் படித்தவர்களுக்கு அரை மணி வேலை. ஒரு கதவுக்குப் போட்டுவிட்டோம். இன்னொரு கதவின் தகரம் அடியில் அரித்துப் போயிருந்தது, திருகாணி நிற்கவில்லை. மறுநாள் கிளம்பும்போது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நோட்டைக் காட்டினாள். "இன்டர்வெல்லில் அரை பாட்டில்" என்று எழுதியிருந்தாள். மிச்சமான தாழ்ப்பாள் என் பெட்டியில்தான் இருக்கிறது. இந்த வருட முகாமும் அந்தப் பக்கம்தான் என்கிறார்கள். ஷீட் மெட்டல் பிரிவு நண்பர்கள் யாராவது ஒரு தகரத்துண்டோடு வருகிறீர்களா?