கடனின் மீதி

நாஜிகளின் இனப்படுகொலையில் உயிர் தப்பிய யூதர்களில் 2024 தொடக்கத்தில் சுமார் 2,45,000 பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இவர்களுக்கான இழப்பீட்டை ஜெர்மனியிடம் பேசிப் பெற்றுத்தருவதற்காக 1951இல் தொடங்கப்பட்ட ‘கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ்’ அமைப்பின் கணக்கு இது. இவர்களில் பாதிப் பேர் அப்போது 86 வயதைத் தாண்டியிருந்தார்கள். இனப்படுகொலையின்போது ஏறக்குறைய எல்லோருமே குழந்தைகள் அல்லது பதின்வயதினர். 2024இல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இஸ்ரேலில். அமெரிக்காவில் வாழ்பவர்களில் மூன்றில் ஒருவர் வறுமையில் உழல்வதாக அங்குள்ள தொண்டு நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. வீட்டு வாடகைக்கும் பல்செட்டுக்கும் காது கேட்கும் கருவிக்கும் இந்த முதியவர்கள் யாரிடமாவது கேட்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் உதவியைக் கருணை என்று அழைக்கிறோம். அது தவறான பெயர். உரியவர்கள் உரிய காலத்தில் கொடுக்காமல் விட்ட கடனின் மீதி அது. கடன் என்று ஒப்புக்கொண்டால், வாங்குபவரை நடத்தும் விதமும் மாற வேண்டும்.

இந்த வறுமை முதுமையோடு தானாக வந்ததல்ல. பெற்றோரையும் வீட்டையும் பள்ளிப் படிப்பையும் ஒரே வீச்சில் இழந்த குழந்தைகள், வாழ்நாள் முழுக்கக் குறைந்த கூலிக்கு உழைத்து, சொற்ப ஓய்வூதியத்தோடு முதுமைக்கு வந்திருக்கிறார்கள். ஒப்பந்தங்களும் அவர்களைக் கைவிட்டன. 1952 செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்க்கில் கையெழுத்தான உடன்பாட்டின்படி மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் தர ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி கப்பலாகவும் எஃகாகவும் இயந்திரமாகவும் வந்து சேர்ந்தது. புதிய தேசம் எழுந்தது. ஆனால் அங்கே குடியேறியிருந்தவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பை ஏற்ற அரசு, அதைக் குறைத்தே கொடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தாலியா டோர்னர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2008இல் இதை வெளிப்படையாகச் சொன்னது. ஜெர்மனி நேரடியாகத் தருவதில் 75 சதவீதமாவது கொடுங்கள் என்று தம் அரசுக்கே பரிந்துரைத்தது. சோவியத் பிடியில் இருந்த நாடுகளில் சிக்கியவர்களின் நிலை இன்னும் மோசம். மேற்கு ஜெர்மனியின் இழப்பீட்டுச் சட்டத்தில் விண்ணப்பிப்பதற்கான கடைசிக் கெடு 1969 முடிவோடு தீர்ந்தபோது, அவர்கள் இரும்புத்திரைக்குப் பின்னால் இருந்தார்கள். 1990களில் திரை விலகியது. அதே ஆண்டுகளின் விலையேற்றத்தில் அவர்களுடைய சேமிப்பும் ஓய்வூதியமும் கரைந்துபோயின.

பிறகு திறந்த கதவுகளும் அகலமானவை அல்ல. ஒன்றிணைந்த ஜெர்மனியின் நிதியிலிருந்து 1990களில் மாத ஓய்வூதியம் தரத் தொடங்கியபோது வைத்த நிபந்தனையைப் பாருங்கள்: வதைமுகாமில் 6 மாதம், அல்லது கெட்டோவில் 18 மாதம், அல்லது 18 மாதம் ஒளிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பரணிலும் பன்றித் தொழுவத்திலும் 17 மாதம் ஒளிந்திருந்த ஐந்து வயதுக் குழந்தை, அறுபது ஆண்டு கழித்தும் தகுதியற்றவர். எந்த மாதம் ஒளிந்தோம் என்று அந்தக் குழந்தை எப்படி நிரூபிக்கும்? சாட்சி சொல்லக்கூடியவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாதக் கணக்கைக் குறைத்து, ஒளிந்திருந்தவர்களுக்கு 4 மாதம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 872 நாள் நீடித்த லெனின்கிராட் முற்றுகையில் பட்டினி கிடந்த யூதர்களுக்கு மாத ஓய்வூதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது 2021இல்தான். முற்றுகை முடிந்த அன்று பிறந்த குழந்தைக்கே அப்போது 77 வயது. ஒவ்வொரு தளர்வுக்கும் முன்னால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதை நினைக்காமல் இந்தப் பட்டியலை என்னால் படிக்க முடியவில்லை.

அந்த இடைவெளியில் நின்றவை தொண்டு அமைப்புகள். 1914இல் தொடங்கிய ‘ஜாயிண்ட்’ எனும் யூத நிவாரண அமைப்பு, 1993இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் ‘ஹெசெத்’ மையத்தைத் திறந்து, முன்னாள் சோவியத் நாடுகளெங்கும் உணவையும் மருந்தையும் வீட்டுப் பணியாளரையும் கொண்டுசேர்த்தது. இந்த முதியவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு தருவது சலுகை அல்ல. பொதுக் குளியலறையும் சீருடை அணிந்தவரும் வரிசையில் நிற்கச் சொல்லும் குரலும் அவர்களில் சிலரை எண்பது ஆண்டுக்கு முந்தைய இடத்துக்கே இழுத்துச் செல்லும். தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்துவைப்பவரை அதட்டக் கூடாது என்று பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1941இல் உக்ரைனின் மரியுபோலில் ஒரு நிலவறையில் ஒளிந்து நாஜிகளிடமிருந்து தப்பிய சிறுமி, 91 வயதில், ரஷ்யப் படையெடுப்பின் நடுவே 2022 ஏப்ரலில், அதே ஊரில் ஒரு நிலவறையில் குளிரிலும் தாகத்திலும் இறந்தார். அந்த மாதங்களில் வேறு பல முதியவர்களைத் தொண்டு அமைப்புகள் ஆம்புலன்சில் ஏற்றி, ஜெர்மனியின் பராமரிப்பு இல்லங்களுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஜெர்மனி 1952 முதல் 9,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறதே, இன்னும் எதற்கு நன்கொடை என்று கேட்கலாம். கொடுத்தது உண்மை, வேறெந்த அரசும் இப்படித் தன் குற்றத்துக்குக் கணக்குத் தீர்க்க முனைந்ததாகச் சொல்வது கடினம். ஆனால் ஆள் குறையும்போது செலவு குறைவதில்லை. 75 வயதில் வாரம் சில மணி நேர உதவி போதுமாயிருந்தவருக்கு 90 வயதில் இரவும் பகலும் ஆள் வேண்டும். நன்கொடை பெருகினால் அரசுகள் தம் பொறுப்பிலிருந்து நழுவும் என்ற கவலை இதைவிட வலுவானது. அதை நான் ஏற்கிறேன். எந்த அரசு கொடுக்காத எந்தச் செலவைத் தாங்கள் ஈடுகட்டுகிறோம் என்று தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் பெயர் சொல்லி வெளியிட வேண்டும்.

மோசடியைச் சுட்டுவோரும் உண்டு. கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸின் நியூயார்க் அலுவலகத்திலிருந்து போலி விண்ணப்பங்கள் வழியாக 5.7 கோடி டாலர் சுருட்டப்பட்டது 2009இல் தெரியவந்தது. 31 பேர் தண்டிக்கப்பட்டனர். இன்னும் அதிக ஆவணம் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடமல்ல. உள்ளே இருந்த ஊழியர்களே போலிப் பிறப்புச் சான்றிதழ் கொண்ட விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் அளித்தார்கள். காகிதத்தில் கச்சிதமாக இருந்தவை அந்தப் பொய் விண்ணப்பங்கள்தான். உண்மையான அகதியிடம் கச்சிதமான காகிதம் இருப்பதில்லை. தணிக்கை, அலுவலகத்தின் மேல் இருக்கட்டும், முதியவர் மேல் வேண்டாம்.

காஸாவில் குழந்தைகள் பட்டினி கிடந்த காலத்தில் இதைப் பேசலாமா என்ற கேள்வி என்னை உண்மையாகவே தடுத்து நிறுத்துகிறது. இஸ்ரேல் அரசின் செயலுக்கான பொறுப்பை மால்டோவாவின் கிராமத்தில் விறகுக்குக் காசில்லாமல் இருக்கும் 88 வயதுப் பெண்ணின் தலையில் கட்ட முடியாது. அவர் இஸ்ரேலின் குடிமகளும் அல்ல. பட்டினியும் குண்டுவீச்சும் ஒரு குழந்தையின் உடலில் எண்பது ஆண்டுக்குப் பிறகும் என்ன செய்கின்றன என்பதற்கு அவரே சாட்சி. காஸாவுக்காகக் கலங்குபவர்கள் அவரிடமிருந்து விலக எந்தக் காரணமும் இல்லை.

1998இல் சுவிஸ் வங்கிகள் 125 கோடி டாலர் தர இணங்கியபோது, கொள்ளையடிக்கப்பட்ட சொத்துகளுக்கான பங்கில் பெரும்பகுதியை முன்னாள் சோவியத் நாட்டு ஏழைகளுக்கே ஒதுக்கினார் நியூயார்க் நீதிபதி எட்வர்ட் கோர்மன். நாங்களும் ஏழைகளே என்று அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் கொதித்தார்கள். அவர்கள் வலி நியாயமானது. ஆனாலும் யாரிடம் மிகக் குறைவாக இருக்கிறது என்ற கேள்வியை நீதிபதி முதலில் வைத்தது சரி என்றே நினைக்கிறேன். இன்று அந்தக் கேள்வி ஒன்றே போதும். நாஜி ஆட்சியின் கீழோ அதற்கு அஞ்சி ஓடியோ குழந்தைப் பருவத்தைக் கழித்த ஒருவரிடம், எத்தனை மாதம் என்று இனிக் கேட்க வேண்டாம். வாடகை கட்ட முடிகிறதா, குளிர்காலத்துக்கு எரிபொருள் இருக்கிறதா, இரவில் விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்.