காத்திருப்பதும் உழைப்பே!

கப்பல் குறித்த காலத்துக்கு மேல் துறைமுகத்தில் நின்றால் டெமரேஜ் உண்டு. இரும்புப் பெட்டி உரிய நாளில் திரும்பாவிட்டால் அதற்கும் நாள்தோறும் கட்டணம் ஏறும். கப்பலின் நேரத்துக்கு விலை உண்டு, பெட்டியின் நேரத்துக்கு விலை உண்டு, மனிதனின் நேரத்துக்கு?

செல்வத்தின் சிகரம் என்று சிலாகிக்கப்படும் அமெரிக்க நாட்டின் நெடுஞ்சாலைகளில் நிற்கும் கேள்வி இது, தோழர்களே!

லாரி ஓட்டுநர் ஒருவர் காலை 6 மணிக்குப் பணி தொடங்குகிறார். அடுத்த 14 மணி நேரத்துக்குள், 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம் என்பது அங்குள்ள பொதுவிதி. களைப்பினால் விபத்து நேரக்கூடாதென்று வகுக்கப்பட்ட நல்ல விதிதான். ஆனால் கிடங்கின் வாயிலில் 8 மணிக்குச் சென்று நிற்பவருக்குப் பிற்பகல் 2 மணிக்குத்தான் சரக்கு ஏறுகிறது. மிச்சமிருப்பது 6 மணி நேரம். அவருக்குக் கூலியோ மைல் கணக்கில்! சக்கரம் உருண்டால் காசு, நின்றால் வெறுங்கை.

காத்திருப்புக் கட்டணம் இல்லையா என்பீர்கள். உண்டு. வழக்கமாக முதல் 2 மணி நேரம் இலவசம். அதற்குமேல்தான் கணக்குத் தொடங்கும். அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தால்! வசூலானாலும் முதலில் சேர்வது லாரி நிறுவனத்தின் பெட்டியில். ஓட்டுநரின் கைக்கு எவ்வளவு வரும் என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

“இது வாணிப ஒப்பந்தம், சந்தை தீர்த்துக்கொள்ளும்” என்பார் உளர். 1980-ஆம் ஆண்டுச் சட்டம் லாரித் தொழிலைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தது. அன்றுமுதல் சந்தைதானே தீர்ப்பளிக்கிறது? தீர்த்ததா? பெருங்கிடங்கின் முன் சிறு லாரிக்காரர் வாதாடினால், அடுத்த சரக்கு அடுத்தவருக்கு! 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட வார உழைப்புக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்னும் 1938-ஆம் ஆண்டுச் சட்டமும், மாநில எல்லை கடந்து சரக்கோட்டும் இவரைப் பொதுவாக விலக்கியே வைத்திருக்கிறது.

விளைவு என்ன? அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-இல் தந்த அறிக்கை சொல்கிறது: கிடங்கில் தங்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 விழுக்காடு உயரக்கூடும். முழுச்சுமை லாரி ஓட்டுநர்கள் இழக்கும் வருவாய் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை! இழந்த நேரத்தைச் சாலையில் மீட்க விரைகிறவர், உயிரையல்லவா பணயம் வைக்கிறார்?

2022-இல் இயற்றிய கப்பல் சீர்திருத்தச் சட்டம், டெமரேஜ் நியாயமானதே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கப்பல் நிறுவனங்களின் தலையில் வைத்தது. பெட்டிக்காகச் சட்டம் விழித்துக்கொண்டது. மனிதனுக்காக இன்னும் உறங்குகிறது!

கேட்பது சலுகையன்று. வாயிலில் நுழைந்த நேரம் பதிவாகட்டும். நின்ற ஒவ்வொரு மணிக்கும் கூலி ஓட்டுநரின் கையிலேயே சேரட்டும். கிடங்குக்காரர் தாமதத்துக்குத் தம் பணத்தைத் தரும் நாளில், வாயில் தானாகவே விரைந்து திறக்கும்.

உழைப்பின் கணக்கை எழுதும்போது, ஓடிய மைலை மட்டும் எழுதாதீர். நின்ற நேரத்தையும் எழுதுவீர்!