குதிநாணும் தோட்டத்துப் படிகளும்

பத்திரிகை அலுவலகங்களில் இரவுக் கடமை பார்த்தே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவன் மலைப்பாதையில் ஓடுவதைப் பற்றி எழுதுவது வாசகர்கள் பலருக்கு விநோதமாகத் தோன்றலாம். எனது அரசியல் கட்டுரைகளை வாசித்துப் பழகியவர்கள் இந்த ஒரு தடவை பொறுத்தருள வேண்டும். முழுவதும் அரசியல் இல்லாத விடயம் என்றும் இதைக் கூறுவதற்கில்லை.

எனக்கு 48 வயதாக இருந்தபோது இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்த வைத்தியர் ஒருவர் நடக்கச் சொன்னார். காலிமுகத்திடலில் நடக்கத் தொடங்கியவன் ஓரிரு வருடங்களில் மெல்ல ஓடவும் பழகிக்கொண்டேன். பிறகு கடற்கரையின் வெக்கையும் வீதியின் வாகன நெரிசலும் அலுத்துப்போக, மாதத்தில் ஒரு தடவையாவது இரவு ரயிலில் மலையகத்துக்குப் போய் தோட்டப் பாதைகளில் ஓடுவது வழக்கமாகிவிட்டது. ஓட்டம் என்று சொன்னால் உண்மையான ஓட்டவீரர்கள் கோபிப்பார்கள். ஏற்றத்தில் நடை, சமதரையில் மெல்லோட்டம், இறக்கத்தில் பயம். எந்தப் போட்டியிலும் நான் கலந்துகொண்டதில்லை. ஹந்தானையிலும் அப்புத்தளையிலும் காலைப் பனி விலகும் நேரத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டு மணிநேரம் தனியாக இருப்பதற்கு ஓட்டம் ஒரு சாட்டு, அவ்வளவுதான். அட்டைக்கடியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2023 மே மாதத்தில் காயம் ஏற்பட்டது. அப்புத்தளைக்கு அப்பால் ஒரு தோட்டம். பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன். வளைந்து வளைந்து செல்லும் பாதையை விட்டு, தொழிலாளர்கள் மலைக்கு ஏறும் கற்படிகளில் குறுக்காக ஏறி ஓடினேன். எதுவும் அறுந்ததாகவோ முறிந்ததாகவோ உணரவில்லை. மறுநாள் காலையில் கட்டிலில் இருந்து இறங்கி முதல் அடி வைத்தபோதுதான் இடது குதிகாலுக்கு மேலே கத்தியால் கீறியதைப் போன்று வலித்தது.

காயத்தை மறைப்பதில் ஓட்டக்காரர்களுக்கு அரசியல்வாதிகளுக்கு நிகரான ஆற்றல் உண்டு. மனைவிக்குச் சொல்லவில்லை. பத்து நாட்கள் பேசாமல் இருந்துவிட்டு, வலி குறைந்ததும் மீண்டும் ஓடினேன். முன்னரை விட மோசமாக வலித்தது. மறுபடியும் ஓய்வு, மறுபடியும் ஓட்டம், மறுபடியும் வலி. இவ்வாறாக மூன்று சுற்றுக்கள்.

அதற்காக நான் கொடுத்த விலையை இன்றும் மறக்க முடியவில்லை. மலையகத் தமிழர்களின் 200 வருட வரலாற்றை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையைச் சென்றடைந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த அந்த மக்களின் மூதாதையர் காடுகளின் ஊடாக நடந்து, வழியில் பலர் மாண்டும் போன அதே திசையில் அமைந்த பயணம் அது. மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக அவர்களைப் பற்றி எழுதிய நான், ஒரு நாளாவது கூட நடப்பேன் என்று நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த நாட்களில் வீட்டின் மாடிப்படியில் இறங்குவதற்கே கைபிடியைப் பற்றவேண்டிய நிலையில் இருந்தேன்.

ஒருவாறாக வைத்தியரிடம் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி என்னை ஆச்சரியப்படுத்தியது. அண்மையில் சிப்ரோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டார். அந்த வகை மருந்துகளால் நாண்கள் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 ஆம் ஆண்டிலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்திருந்ததாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். நான் எடுக்கவில்லை. எனது விடயத்தில் குற்றவாளி நானேதான்.

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்புடன் இணைக்கும் தடித்த குதிநாணில் இரத்த ஓட்டம் குறைவு. அதனால் தசையைப் போன்று அது விரைவில் ஆறுவதில்லை. ஏற்றத்தில் ஓடும்போது அதன் மீதான இழுவை கூடுகிறது. நாட்பட்ட நோவில் அழற்சியை விடவும் நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து போவதே முக்கியமான பிரச்சினை. வெறுமனே படுத்திருந்தால் வலி போகும், ஆனால் நாண் பலவீனமாகிவிடும். எழுந்து ஓடியதும் வலி திரும்பி வரும். மூன்று சுற்றுக்களில் எனக்கு நேர்ந்தது இதுவே.

விளையாட்டுக் காயம் என்றால் ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978 இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின். உலகம் முழுவதும் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தபோது, 2014 ஆம் ஆண்டில் அவரே முன்வந்து, பனிக்கட்டியும் முழுமையான ஓய்வும் குணமடைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். தான் சொன்னதைத் தானே திருத்தும் துணிச்சலை எமது துறையில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அதை விடவும் சுவாரசியமானது சுவீடனின் எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹொகான் அல்பிரெட்சனின் கதை. அவரும் என்னைப் போன்று குதிநாண் நோவினால் அவதிப்பட்ட ஒரு பொழுதுபோக்கு ஓட்டக்காரர். சத்திரசிகிச்சை செய்துகொள்ள விரும்பினார். வேலைக்கு ஆள் போதாது என்று அவரது மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்து போனாலாவது சத்திரசிகிச்சை செய்துதானே ஆகவேண்டும் என்று எண்ணி, வலிக்கும் காலுக்கு வேண்டுமென்றே கடுமையான பாரத்தைக் கொடுத்தார். நாண் அறுந்து போகவில்லை, குணமடைந்தது. பிறகு 15 பொழுதுபோக்கு விளையாட்டாளர்களிடம் அதை முறைப்படி பரிசோதித்து 1998 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவதே பயிற்சி. நாளொன்றுக்கு 180 தடவைகள், 12 வாரங்கள்.

எனக்கு அதைக் கற்றுத்தந்த இயன்மருத்துவர் என் மகளின் வயதையொத்தவர். வலி இருந்தால் நிறுத்திவிடவா என்று கேட்டேன். "தாங்கக்கூடிய வலியெண்டால் செய்யுங்கோ ஐயா. மறுநாள் காலையில கூடியிருந்தால் கொஞ்சம் குறையுங்கோ" என்றார். இரண்டு வருட சிகிச்சையின் சாராம்சமும் அதுவே. முழுமையாக நிறுத்தவும் கூடாது, பிடிவாதமாகத் தொடரவும் கூடாது. பாரத்தைத் தினமும் அளந்து கூட்டவும் குறைக்கவும் வேண்டும். இதைப் போன்று சலிப்பூட்டும் வேலை வேறில்லை. சுவீடன்காரர்களுக்கு 12 வாரங்கள் போதுமாக இருந்தது. எனது வயதுக்கும் முன்னர் செய்த மடத்தனத்துக்கும் ஒரு வருடத்துக்கும் மேல் எடுத்தது. அதன் பிறகும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று குழந்தையைப் போலத் தொடங்க வேண்டியிருந்தது.

2025 செப்டெம்பரில் அதே தோட்டத்துக்குப் போனேன். கற்படிகளை இம்முறை நடந்தே ஏறினேன். பாதி வழியில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் ஒரு காலைச் சற்று இழுத்து வைப்பதைக் கவனித்துவிட்டார்.

"கால்ல என்னங்கய்யா?"

சொன்னேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்கைச் சற்று ஒதுக்கித் தனது வலது காலைக் காட்டினார். குதிகாலுக்கு மேலே எனக்கு இருந்த அதே இடத்தில் அதே தடிப்பு. பழைய சேலைத் துணியால் சுற்றியிருந்தார். சித்திரைக்கு முன்பிருந்தே இருக்கிறதாம். தோட்டத்து மருந்தகத்தில் பூசுவதற்கு எண்ணெயும் இரண்டு நாள் ஓய்வும் கொடுத்தார்களாம்.

கற்றுக்கொண்ட பாடத்தை உற்சாகத்துடன் அவருக்கு விளக்கினேன். படியைக் காட்டி, குதிகாலை இறக்கியும் காண்பித்தேன். பாரத்தைக் குறைத்து, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டவேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "கொறைச்சா அரைப்பேருதானுங்களேய்யா" என்றார்.

குறிப்பிட்ட நிறை கொழுந்து பறித்தால்தான் ஒரு நாள் 'பேர்' விழும். குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். வேறு எதுவும் சொல்லத் தெரியாமல், எனது சப்பாத்துக்குள் இருந்த குதிகால் உயர்த்தும் மெத்தையைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் தனது றப்பர் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இத எங்கங்க வைக்கிறது?"

என்னைக் குணப்படுத்தியது மருந்து அல்ல. எனது காலின் மீதான பாரத்தை நானே தீர்மானிக்கும் வசதிதான் என்னைக் குணப்படுத்தியது. அந்த வசதி எனக்கு ஓய்வூதியத்தில் இருந்தும் பிள்ளைகளிடம் இருந்தும் கிடைக்கிறது. அதே படியில் அதே காயத்துடன் ஏறும் அந்தப் பெண்ணுக்கு மருத்துவ அறிவு இருந்தாலும்கூட அதைக் கடைப்பிடிக்க முடியாது. 2024 இல் 1,350 ரூபாவாக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு மேலதிகமாக 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தொகை. சம்பள உயர்வு வரவேற்கப்பட வேண்டியதே. ஆனால், நோவுடைய கால் வீட்டில் இருக்க விரும்பும் நாளில் சம்பளத்துடன் அந்த 200 ரூபாவும் போய்விடும். வருகையை ஊக்குவிப்பவர்கள் எந்தக் கால்களுடன் வருகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டாமா?

1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிரதானமாக வேலையின்போது நேரும் விபத்தை மனதில் கொண்டது. இருபது, முப்பது வருடங்களாகப் படியேறித் தேய்ந்துபோன நாணுக்கு விபத்து நேர்ந்த திகதியாக எதைக் குறிப்பிடுவது? சான்றிதழுடன் வரும் தொழிலாளிக்குச் சில வாரங்கள் சமதரையில் இலகு வேலை கொடுத்து முழுப்பேர் போடுவதும், வைத்தியசாலை நாட்களை வருகையாகக் கணக்கிடுவதும், மாதத்துக்கு ஒரு தடவையாவது இயன்மருத்துவர் ஒருவரைத் தோட்டப்பகுதிக்கு அனுப்புவதும் கம்பனிகளாலும் அரசாங்கத்தாலும் செய்யமுடியாத காரியங்கள் அல்ல. சம்பளப் பேச்சுவார்த்தைகளைப் பல வருடங்கள் அறிக்கையிட்டவன் என்ற வகையில் சொல்கிறேன், கால்களைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை.

ஹந்தானையில் இருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தோட்டப் பாதைகளை 22 கட்டங்களாக இணைத்து 'பீக்கோ ட்ரெயில்' என்று வெளிநாட்டவர்களை அழைக்கிறார்கள். நல்ல முயற்சி. நானும் அதில் சில கட்டங்களை ஓடி மகிழ்ந்தவன்.

டிசெம்பரில் மீண்டும் போகத் திட்டமிட்டு, அந்தப் பெண்ணுக்கு உத்தேச அளவில் ஒரு சோடி கன்வஸ் சப்பாத்தும் வாங்கி வைத்திருந்தேன். நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' சூறாவளியின் மழையும் மண்சரிவுகளும் மலையகத்தில் ஏற்படுத்திய பேரழிவுக்குப் பிறகு ஓட்டத்தைப் பற்றி நினைப்பதற்கே கூச்சமாக இருந்தது. ரயில் பாதையும் சிதைந்து போயிருந்தது. சில வாரங்கள் கழித்து அந்தத் தோட்டத்தில் தெரிந்த ஒருவருடன் தொலைபேசியில் பேசக்கிடைத்தது. அந்தப் பெண்ணின் லயனுக்குச் சேதம் இல்லை என்றும் அவர் வழமைபோல மலைக்குப் போவதாகவும் சொன்னார். கால் எப்படியாம் என்று கேட்டேன்.

அதை விசாரிக்கவில்லை என்றார்.