ட்ரையல் பேலன்ஸ் வைத்தியம்

ஐம்பது வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். போன மாசம் வரை பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் விரல் நுனியில். இப்போது பெற்ற பிள்ளையைப் பார்த்து, 'நீ யாருப்பா?' என்கிறார். கை நடுங்குகிறது. ரெண்டு நாள் தெளிவு, மூணாம் நாள் மறுபடி குழப்பம். ஒருநாள் வலிப்பே வந்துவிடுகிறது.

நம் வீடுகளில் உடனே தாயத்து, மந்திரிப்பு. அதைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால், 'டென்ஷன்தான்' என்று ஒரு தூக்க மாத்திரை. வலிப்பு வந்த மூளைக்குத் தூக்க மாத்திரை பதிலா? இது முதல் அநியாயம்.

அடுத்த அநியாயம் கொஞ்சம் நாகரிகமானது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஆன்டிபாடி எகிறியிருக்கும். நம் உடம்பின் காவல் படை, சொந்த தைராய்டையே எதிரி என்று நினைத்ததற்கான தடயம் அது. 'ஆஹா, பிடிச்சுட்டோம்! ஹாஷிமோட்டோ என்செஃபலோபதி!'

1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ விவரித்தது தைராய்டு நோயை. அதோடு சேர்ந்து மூளையும் கலங்கிய ஒரு நோயாளியைப் பற்றி 1966-ல் 'லான்செட்' இதழில் எழுதியவர், லண்டன் நரம்பியல் மேதை ரஸ்ஸல் பிரெய்ன். (பெயரே மூளை. நானாக வைக்கவில்லை, சார்!) அபூர்வமான நோய். இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால், அந்த ஆன்டிபாடி நல்லா இருக்கிறவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு இருக்கும். பெண்களுக்கு இன்னும் அதிகம். மூளையைக் கெடுப்பது அதுதான் என்று இன்றுவரை நிரூபிக்கவும் இல்லை.

நான் பி.காம். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தருவார்கள்: ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆனாலும் கணக்கில் தப்பு ஒளிந்திருக்கலாம். டாக்டர் படிப்பில் இந்தப் பாடம் இல்லையா?

அமெரிக்காவின் மேயோ கிளினிக், இந்த நோயாக இருக்கலாம் என்று வந்த 144 பேரை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டது. 105 பேருக்கு வேறு பிரச்னை! சிலருக்கு மூளைத் தேய்மானம், சிலருக்கு மனநோய், சிலருக்குத் தூக்கக் கோளாறு.

'ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போமே, கேட்டால் அதுதான்' என்பது அடுத்த சால்ஜாப்பு. மூளையில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டிகூட ஸ்டீராய்டுக்குச் சுருங்கி, பயாப்ஸியிலேயே சிக்காமல் ஏமாற்றும். பதுங்கியிருக்கும் காசநோய் தலைதூக்கலாம். சர்க்கரை ஏறும். சிலருக்கு ஸ்டீராய்டாலேயே புத்தி பேதலிக்கும். அது நோயா, மருந்தா என்று அப்புறம் யார் கண்டுபிடிப்பது?

வரிசை இதுதான்: எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., முதுகுத்தண்டு நீர். கிருமித் தொற்று இல்லை, வேறு ஆன்டிபாடி மூளையைத் தாக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் இந்தப் பெயரையே எடுக்க வேண்டும். 2016-ல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த வழியும் இதுவே. நிலைமை மோசமா? சாம்பிள்களை முதலில் எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டை ஆரம்பிக்கட்டும். தினம் ஒரு கிராம் வீதம் மூணு முதல் அஞ்சு நாள் நரம்பில் ஏற்றுவது வழக்கம். பிறகு மாத்திரையாக, மெள்ள மெள்ளக் குறைப்பார்கள். சிலர் மறுபடி பழைய கணக்கைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் இத்தனை கோபம்.

'வேற எதெல்லாம் இல்லைன்னு பார்த்தீங்க, டாக்டர்?' என்று கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். ஃபைலின் நகலை வாங்கிக்கொண்டு அடுத்த நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.