ரயரின் வயதையும் பாருங்கள்

பிரித்தானியாவில் இரவு வேளைகளில் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொதி சுமந்து திரியும் நம் இளைஞர்கள், பெரும்பாலும் பழைய வண்டிகளையே வாங்குகின்றனர். வாங்கும்போது இயந்திரத்தின் ஓசையைக் கேட்கின்றனர். ரயரின் பள்ளத்தைத் தடவிப் பார்க்கின்றனர். பள்ளம் ஆழமாயின் ரயர் நல்லதென்று நம்பிவிடுகின்றனர்.

இந்நம்பிக்கை ஆபத்தானது. வருடக்கணக்கில் கராஜில் நின்ற வண்டியின் ரயர் தேய்ந்திராது, ஆயினும் முதுமையடைந்திருக்கும். ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் இறப்பரை இறுக்கி வெடிப்புறச் செய்கின்றன. அதனைக் காப்பதற்கெனக் கலக்கப்பட்ட மெழுகு, சக்கரம் உருண்டு ரயர் நெகிழும்போதே நன்கு மேலே கசிகிறது. (ஓடாத வண்டி பழுதாகாது என்பது நம்மவரின் பழைய எண்ணம்!) இறுகிய ரயர் ஈரவீதியைப் பற்றாது.

2012 செப்டம்பரில் சறேயில் பஸ் வண்டியொன்றின் முன் ரயர் செயலிழந்து மூவர் மாண்டனர். அந்த ரயரின் வயது 19 ஆண்டுகளுக்கும் மேல். 10 ஆண்டு கடந்த ரயர்களைப் பஸ், லொறிகளின் முன் அச்சில் பூட்டுவதை 2021 பெப்ரவரியிலேயே சட்டம் தடுத்தது. மோட்டார் சைக்கிளுக்கு அத்தடை இல்லை.

ஆகவே நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. ரயரின் பக்கத்தில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2314 எனில், 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கங்களாயின் அது 2000க்கு முற்பட்டது, கழற்றி எறியுங்கள். 5 ஆண்டு கடந்தால் வருடந்தோறும் பரிசோதிக்கவும், 10 ஆண்டில் மாற்றவும் உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர்.

சொந்த வண்டி கொடுத்து வேலை வாங்கும் நம் உணவக முதலாளிகளிடம் நாம் கேட்பது ஒன்றே: இன்றிரவு சாவியைக் கொடுக்குமுன் அந்த இலக்கங்களை வாசியுங்கள்.