மூன்று வருடமும் ஒரு கையெழுத்தும்



கொஞ்சம் நீளமான பதிவு. கொடுக்கல் வாங்கல் இல்லாத வீடு நம்மில் இல்லை என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

"சார், சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்து நோட்டும் எழுதி வாங்கினேன். நாலு வருடம் ஆகிவிட்டது, இனி கேஸ் போட முடியாது என்கிறார் வக்கீல். ஏமாற்றுகிறவனுக்குத்தானே இந்தச் சட்டம் சாதகம்?" என்று என்னிடம் படித்தவர்களில் சிலர் கேட்பதுண்டு. சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் கூச்சத்தின் மேல்தான் கோபம்.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கைமாற்றுக்கும் கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் கெடு மூன்று வருடம். நாம் கேட்ட நாளிலிருந்து அல்ல, கொடுத்த நாளிலிருந்து, நோட்டு எழுதிய தேதியிலிருந்து. 2022 ஜூன் 10இல் எழுதிய நோட்டுக்கு 2025 ஜூன் 10க்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். கெடு தாண்டினால், எதிராளி வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வாங்கிக் கொடுத்த கடனுக்கு மட்டும் 12 வருடம்.

இது நியாயமா? நியாயம் என்றே நினைக்கிறேன். வருடங்கள் ஓடினால் சாட்சிகள் இறந்துபோகிறார்கள், ரசீதுகள் தொலைந்துபோகின்றன. அப்பா அடைத்துவிட்டு நோட்டைத் திரும்ப வாங்க மறந்த கடனை, இருபது வருடம் கழித்து யாரோ வந்து பிள்ளைகளிடம் நீட்டினால் அவர்கள் எதைக் காட்டி மறுப்பார்கள்? ஒரு எல்லை வேண்டும்தான்.

அந்த எல்லையை நீட்டிக்க அதே சட்டம் வழியும் தருகிறது. மூன்று வருடம் முடியும் முன், கடன் பாக்கி இருப்பதாக வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதி கட்டி, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அப்படியே. வாய்ச்சொல் போதாது. மாதாமாதம் வட்டியைக் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பின்புறம் ஒரு வரி எழுதாமல் விட்டவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

ஏன் எழுதி வாங்குவதில்லை? "மச்சான் என்ன நினைப்பாரோ" என்ற தயக்கம். கையெழுத்துக் கேட்பது சந்தேகம் ஆகாது. வாங்கியவருக்கும் அந்த வரவுதான் பணம் கட்டியதற்குச் சாட்சி. உறவு முறிவது பெரும்பாலும் கையெழுத்துக் கேட்டதால் அல்ல, கேட்காமல் விட்டுப் பின்னால் மல்லுக்கு நிற்பதால்தான்.

வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெடு முடிந்தால் கடன் அழிந்துவிடுவதில்லை. வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. கெடு தாண்டிய கடனையும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அதைச் செல்லும் என்கிறது. மனசாட்சி உள்ளவருக்காகச் சட்டம் திறந்து வைத்த கதவு அது. அதே கதவு வழியாக மிரட்டி உள்ளே வருபவர்களும் உண்டு. யாராவது பழைய கடன் என்று காகிதம் நீட்டினால், தேதியைப் பாருங்கள், வக்கீலைக் கேளுங்கள், பிறகு பேனாவை எடுங்கள். பெற்றோர் பட்ட கடனுக்கு, அவர்கள் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகள் பொறுப்பு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உண்மையாக வாங்கிய கடன் என்று உங்களுக்கே தெரிந்தால், காலண்டரைக் காட்டித் தப்பிக்காதீர்கள். கோர்ட்டில் ஜெயிக்கலாம். கொடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார முடியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பீரோவைத் திறந்து நோட்டுகளின் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்