நான்கு தடங்களின் கண்டிப்பு
அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் உருவான கதை 2025இல் திரைப்படமாக வந்தபோது பலரும் நடிப்பைப் பற்றிப் பேசினார்கள். என் கவனமெல்லாம் அவர் அந்தப் பாடல்களை வீட்டில் பதியப் பயன்படுத்திய டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144 மீதுதான். சாதாரணக் கேசட்டிலேயே நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியலாம் என்று 1979இல் வந்த இயந்திரம் அது. இன்று அதை வைத்திருப்பவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ரப்பர் பெல்ட் தளர்ந்தால் சுருதி அலைகிறது. ஹெட் தேய்ந்தால் மேல்ஸ்தாயி மங்குகிறது. குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. நாடா இரட்டை வேகத்தில் ஒரே திசையில் ஓடுவதால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பதியும். ஐந்தாவதாக ஒரு கருவியைச் சேர்க்க வேண்டுமென்றால், முதல் மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் இறக்கி இடம் காலி செய்ய வேண்டும். காலியான அந்தத் தடங்களில் புதிதாகப் பதிந்துவிட்டால், கிதார் சற்றுத் தூக்கலாகிவிட்டதே என்று தனியாகக் குறைக்க வழியில்லை. நாடாவின் இரைச்சலும் ஒரு படி ஏறிவிடும். ஆனால் அதன் பெருமையும் இந்தக் கண்டிப்பில்தான் இருக்கிறது. கணினியில் எந்த முடிவையும் நாளைக்குத் தள்ளிப்போடலாம். இந்த இயந்திரமோ எது வேண்டும், எது வேண்டாம் என்று பாடும்போதே தீர்மானிக்கச் சொல்கிறது. ‘நெப்ராஸ்கா’ பாடல்களை ஸ்பிரிங்ஸ்டீன் தன் குழுவோடு ஸ்டூடியோவில் மறுபடி பதிந்து பார்த்தார். வீட்டுப் பதிவிலிருந்த உயிர் அதில் வரவில்லை. 1982இல் அந்தக் கேசட் பதிவையே வெளியிட்டார். ஆகவே பரணில் இப்படியொன்று கிடந்தால் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். பெல்ட்டை மாற்றி, ஹெட்டைத் துடைத்து, இசை பழகும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். தேர்ந்தெடுக்கும் துணிவை அதைவிட நன்றாகக் கற்றுத்தரும் ஆசிரியர் அரிது.